மூன்று மில்லிமீட்டர் சிவப்பு

அரியாங்குப்பத்தில் பழைய வீட்டைப் புதுப்பிக்க இறங்கிப் பாருங்கள். கொத்தனாரும் டைல்ஸ் கடைக்காரரும் சொல்லிவைத்தாற்போல ஒரே யோசனை சொல்வார்கள்: "இந்தச் செவப்புத் தரைய மூடிடலாம் சார்." நிறம் மங்கியிருக்கும், கூடத்தின் குறுக்கே ஒரு விரிசல் ஓடும், சுவரோரம் வெள்ளை பூத்திருக்கும். காவித் தரைக்கு வயதானால் வருகிற சில்லறை நோய்கள்தாம் இவை. மூடிப் புதைக்க வேண்டியதில்லை.

மரத்தரை போட்ட வீடுகளில் வைத்தியம் வேறு. முக்கால் அங்குலக் கனமுள்ள பலகை தேய்ந்துபோனால், மேலாக ஒரு மில்லிமீட்டரை இழைத்துத் தள்ளிவிட்டு மறுபடி மெருகேற்றுகிறார்கள். காவித் தரைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அடியில் ஜல்லி, அதன்மேல் சிமென்ட் கலவை, அது இறுகிவிடுமுன் காவி கலந்த மெல்லிய பூச்சு. சிவப்பு இருப்பது அந்தக் கடைசி இரண்டு மூன்று மில்லிமீட்டரில்தான். பாலிஷ் மெஷினை அழுத்திப் பிடித்தால் கீழே உள்ள சாம்பல் நிறச் சிமென்ட் பல்லிளித்துவிடும்.

அந்தச் சிவப்பு, இரும்பு ஆக்சைடு. துருவிலும் செம்மண்ணிலும் இருக்கிற அதே சரக்கு. சிமென்ட்டின் காரத்தில் பல சாயங்கள் வெளுத்துவிடும். இது அசையாது, வெயிலுக்கும் மசியாது. அப்படியென்றால் தரை ஏன் வெளிறுகிறது?

ஈரத்துணியால் ஓரிடத்தைத் துடைத்துப் பாருங்கள். காய்கிற வரைக்கும் பழைய சிவப்பு அப்படியே திரும்பி வரும். நிறம் எங்கேயும் போகவில்லை. கொத்தனார் இரும்புக் கரணையால் அழுத்தி இழுத்து வழவழப்பாக்கிய பரப்பில் பொடிக் கீறல்கள் விழுந்திருக்கின்றன. அவை ஒளியைச் சிதறடிப்பதால்தான் வெளுப்பு. தண்ணீர் கீறலை நிரப்புகிறது, ஆனால் காய்ந்துவிடுகிறது. மெழுகும் நிரப்புகிறது, காயாது. தரை பாலிஷின் வேலை அவ்வளவுதான்.

கீறுவது மணல். கடற்கரை மணலில் உள்ள குவார்ட்ஸ், கடினத்துக்கான மோஸ் அளவில் 7. சிமென்ட் பூச்சு அதற்கு ஈடு கொடுக்காது. ஆடி ஐந்தாம் வெள்ளி வீராம்பட்டினம் தேருக்குப் போய்வரும் சொந்தபந்தம் காலில் கொண்டுவருகிற மணலே போதும். வாசலில் ஒரு தேங்காய்நார் மிதியடி போடுங்கள், இதைவிட மலிவான பராமரிப்பு கிடையாது.

சுவரோரத்து வெள்ளை வேறு கதை. ஆறும் கடலும் பக்கத்தில் உள்ள ஊரில் மண்ணில் ஈரமும் உண்டு, உப்பும் உண்டு. பழைய தரைகளுக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் தாள் எதுவும் விரித்திருக்க மாட்டார்கள். ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு மேலே வந்து காய்கிறது, உப்பு தங்கிவிடுகிறது. காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துப் பெருக்கி எடுங்கள். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே இறங்கும். எனாமல் பெயின்ட் அடித்து மறைத்தாலும் வெளியேற வழியில்லாத ஈரம் பெயின்ட்டைத் தோல் தோலாக உரித்துவிடும்.

எங்கள் வீட்டில் ஒரு பொங்கலுக்கு முன்னால், பாத்ரூம் கழுவ வாங்கிய ஆசிட்டில் மிச்சம் இருந்ததைத் தாழ்வாரத்துக் கறையில் ஊற்றினோம். சுர்ரென்று நுரைத்தது. கறை போயிற்று, கூடவே மெருகும் போயிற்று. கை வைத்தால் சொரசொரவென்று உப்புத்தாள். ஆசிட் அழுக்கை மட்டும் தின்பதில்லை, சிமென்ட்டையே கரைக்கிறது. எலுமிச்சை, புளி, வினிகர் எல்லாமே சின்ன அளவில் அந்த வேலையைத்தான் செய்யும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் மென்மையான சோப்புக் கரைசல் போதும்.

விரிசலைத் தொடுமுன் இருபுறமும் ஒரு நாணயத்தால் தட்டுங்கள். 'டொப்' என்று பொள்ளலாகக் கேட்டால் பூச்சு அடித்தளத்தை விட்டுக் கிளம்பிவிட்டது. அந்தத் துண்டை எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் பூச வேண்டும். கெட்டியான சத்தம் வந்தால், சுத்தம் செய்து, நனைத்து, காவி கலந்த சிமென்ட்டை அடைத்து, ஒரு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் சரி. கலவை ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம். அதனால் காவி அளவை மாற்றி மாற்றி நாலைந்து வில்லை தட்டிக் காயவைத்துப் பார்த்த பிறகே தரையில் கை வையுங்கள். எவ்வளவு செய்தாலும் ஒட்டு தெரியத்தான் செய்யும். மயிரிழை விரிசலை நான் அப்படியே விட்டுவிடுவேன்.

பலரும் தேங்காயெண்ணெய் தடவுகிறார்கள். அது காய்கிற எண்ணெய் அல்ல. கொஞ்சம் கூடினாலும் பிசுபிசுத்துப் புழுதியைப் பிடித்துக்கொள்ளும். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி இறுகிவிடும், மரவேலைக்காரர்கள் அதை விரும்புவது இதனால்தான். அதைத் தடவிய துணியை மட்டும் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போடுங்கள். எனக்கு மெழுகு பாலிஷ்தான் பிடிக்கும். இலங்கையில் கார்டினல் பாலிஷ் பூசி, பாதியாக வெட்டிய தேங்காய் மட்டையைக் காலால் அழுத்தித் தேய்த்தே தரையைப் பளபளக்க வைத்தார்கள். மெழுகை மெல்லிசாகத் தடவி, கொஞ்ச நேரம் விட்டு, கை வலிக்கத் தேய்க்க வேண்டும். பளபளப்பு அந்தத் தேய்ப்பில்தான் வரும்.

டைல்ஸுக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன், கட்டிலுக்கு அடியில் மட்டும் ஒருமுறை இதைச் செய்து பாருங்கள்.