இலை கருகினாலும் வேர் உயிரோடிருக்கும்

இடம்பெயர்ந்த குடும்பம் புது இடத்தில் முதலில் தேடுவது நிழலையும் நீரையுமே. நம்மோடு வரும் கன்றுகளுக்கும் அதே தேவை உண்டு. 2006, 2007ஆம் ஆண்டுகளில் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பின்னர் ஊர் திரும்பியபோது, பல வளவுகளில் நிழல் மரங்கள் இருக்கவில்லை. அத்தகைய வெட்டைவெளியில், கொட்டிலின் ஓரத்தில் தகரப் பேணியில் வளர்த்த கறிவேப்பிலை, தோடை, கத்தரிக் கன்றுகளை வைத்தால் சில நாட்களிலேயே இலை வெளுத்துக் கருகிவிடும். மண் சரியில்லையென்று பிடுங்கி எறிய வேண்டாம்.

நிழலில் விரிந்த இலை மெல்லியது. திடீர் வெயிலைத் தாங்காது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வேர் உறிஞ்சும் நீரைவிட இலை இழக்கும் நீர் அதிகம். எழுவான்கரையில் சூடேறிய மணலும் சேர்ந்து வாட்டும்.

முதலில் காரணத்தை அறியுங்கள். வெயில் பட்ட பக்கத்து இலைகளில் மட்டும் வெளிறிய திட்டுகள் தோன்றினால் அது வெயில் சுட்டது. எல்லா இலைகளிலும் நுனியும் ஓரமும் காய்ந்தால் தண்ணீரில் உப்பு இருக்கலாம். வாவிக்கரைக் கிணறுகள் கோடையில் உவர்ப்பதுண்டு. அப்போது நிழல் மட்டும் போதாது. நல்ல தண்ணீர் வேண்டும்.

அடுத்துச் செய்ய வேண்டியவை:

1. மேலேயும் மேற்குப் பக்கமும் கிடுகு கட்டுங்கள். காற்றோட்டம் இருக்கட்டும்.

2. காலையில் வேரடியில் நீர் ஊற்றுங்கள். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரமிருந்தால் மீண்டும் ஊற்ற வேண்டாம். தேங்கிய நீர் வேரை அழுகச் செய்யும்.

3. வைக்கோல் அல்லது சருகால் மண்ணை மூடுங்கள். தண்டில் முட்டாமல் சற்று விலக்கிப் போடுங்கள்.

4. முழுதும் காய்ந்த இலையை மட்டும் அகற்றுங்கள். பாதி கருகிய இலையின் பச்சைப் பகுதி இன்னும் உணவு தயாரிக்கிறது. கீழுள்ள தண்டுக்கு நிழலும் தருகிறது.

5. புதுத் தளிர் வரும்வரை யூரியா இட வேண்டாம். வாடிய வேரை அது மேலும் சுடும்.

கருகிய இடம் மீண்டும் பச்சையாகாது. தளிரே குணமானதற்கு அடையாளம். மரக்கன்றில் இலையெல்லாம் உதிர்ந்தாலும் பட்டையை நகத்தால் மெதுவாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் பொறுத்திருக்கலாம். தளிர் முற்றிய பின் கிடுகை ஒரேயடியாக எடுக்காமல், முதலில் காலை வெயில் மட்டும் படவிட்டு, 7 முதல் 10 நாட்களில் சிறிது சிறிதாகப் பழக்குங்கள்.

இனி நடும் கன்றுகளை மாரி மழை தொடங்கும்போது நடுவது நல்லது. அடுத்த கோடைக்குள் வேர் ஆழம் போய்விடும். விதைப்பவர் உவமையிலும் வெயிலில் கருகியவை வேரூன்றாத பயிர்களே. புது மண்ணில் வேரூன்றக் கன்றுக்கும் குடும்பத்துக்கும் காலம் வேண்டும். அதுவரை அயலவர் ஒருவருக்கொருவர் கிடுகாய் இருப்போம்.