உரிமம் ஆளுக்குத்தான்; காருக்கு அல்ல!

துப்பாக்கி ஒருவருடையது. கார் மற்றொருவருடையது. ஓட்டுகிறவர் மூன்றாமவர். துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்கிறது. காருக்குப் பதிவுப் புத்தகம் இருக்கிறது. டிரைவரிடம் ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. மூன்று காகிதமும் ஒழுங்காக இருக்கும்போது குற்றம் எங்கிருந்து வரப்போகிறது என்று கேட்கத் தோன்றும். வரும்! வந்தால் முதலில் யார் தலையில் விழும் என்பதைத்தான் இன்று எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

செஞ்சிச் சீமையையே எடுத்துக்கொள்வோம். தளவானூரிலிருந்து ஒரு வாடகைக் கார் மேல்மலையனூருக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அமாவாசை இரவு. அங்காளம்மன் கோயிலில் ஊஞ்சல் உற்சவம். எள் போட்டால் எள் விழாத கூட்டம். காரில் வந்த பெரிய மனிதரிடம் முறையான உரிமத்தோடு ஒரு கைத்துப்பாக்கி இருக்கிறது. திருவிழாவுக்கும் ஊர்வலத்துக்கும் பொதுக்கூட்டத்துக்கும் பள்ளி, கல்லூரி வளாகத்துக்கும் தனி அனுமதியில்லாமல் துப்பாக்கியை எடுத்துச் செல்லக்கூடாது என்பது உரிமத்தின் நிபந்தனை. அது அவருக்குத் தெரியும். ஆகவே துப்பாக்கியை டேஷ்போர்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "தம்பி, கொஞ்சம் பார்த்துக்கப்பா" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுக் கோயிலுக்குள் போகிறார். அரை மணி நேரத்தில் போலீசார் வண்டிகளைச் சோதனையிடுகிறார்கள். பெட்டி திறக்கப்படுகிறது. துப்பாக்கி இருக்கிறது, துப்பாக்கிக்கு உரியவர் இல்லை!

இது நடந்த கதையன்று. எந்த ஊரிலும் நடக்கக்கூடிய கதை. இங்கே மூன்று கேள்விகள் எழுகின்றன. பெரிய மனிதர் செய்தது குற்றமா? டிரைவர் குற்றவாளியா? ஊரில் வீட்டில் படுத்து உறங்கிக்கொண்டிருக்கும் கார் சொந்தக்காரருக்கு இதில் பங்கு உண்டா?

விடை தேடுமுன் சட்டம் பிறந்த கதையைச் சற்றே பார்ப்போம். தேசிங்கு ராசன் கதை கேட்டு வளர்ந்த சீமை இது. 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்த்து அந்த இளைஞன் களத்தில் மாண்டபோது, வாள் வைத்திருக்க எவரும் கலெக்டரிடம் மனுப் போடவில்லை. 1878-இல் லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் துப்பாக்கி வைத்திருந்தால் லைசென்ஸ் வேண்டும், வெள்ளைக்காரனுக்கு விலக்கு! இந்தப் பாகுபாட்டை நாடே கண்டித்தது. விடுதலைக்குப் பிறகு, 1959-இல் நமது நாடாளுமன்றம் புதிய ஆயுதச் சட்டத்தை நிறைவேற்றியது; 1962 அக்டோபர் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. பல திருத்தங்களோடு இன்றும் ஆள்வது அந்தச் சட்டந்தான். 2016-இல் வந்த ஆயுத விதிகள் அதற்குத் துணை நிற்கின்றன.

அந்தச் சட்டத்தின் அடிப்படை என்ன? உரிமம் ஆளுக்குக் கொடுக்கப்படுகிறது. துப்பாக்கிக்கும் அல்ல, அது இருக்கும் வீட்டுக்கும் அல்ல, வண்டிக்கும் அல்ல. இன்னாருக்கு, இன்ன துப்பாக்கி, இத்தனை தோட்டா என்று எழுதித்தான் கொடுக்கிறார்கள். அந்த இன்னாரின் கையை விட்டு அகன்று, உரிமம் இல்லாத இன்னொருவரின் கைக்குப் போன நொடியிலே, அந்த இன்னொருவரைப் பொறுத்தவரை அது உரிமமற்ற துப்பாக்கி ஆகிவிடுகிறது. இதைத்தான் நம்மில் பலர் உணர்வதில்லை.

இதற்கு ஒரு விலக்கு உண்டா? உண்டு. மூன்றாம் பிரிவு அதைச் சொல்கிறது. உரிமம் பெற்றவரின் முன்னிலையிலோ, அவர் எழுத்து மூலம் கொடுத்த அதிகாரத்தின் பேரிலோ, உரிமம் இல்லாதவர் துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். அதுவும் மூன்றே காரியங்களுக்கு: பழுது பார்க்க, உரிமத்தைப் புதுப்பிக்க, உரிமம் பெற்றவரே பயன்படுத்துவதற்காக. "பார்த்துக்கப்பா" என்ற வாய்ச்சொல் எழுத்தும் ஆகாது. கோயிலுக்குள் போய்விட்டவர் முன்னிலையில் இருப்பவரும் ஆகமாட்டார்.

பெரிய மனிதரின் நிலை என்ன? பொது இடத்தில் கைத்துப்பாக்கியை எப்படி எடுத்துச் செல்ல வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. உடலோடு பிணைத்த உறையில் இருக்கலாம். அல்லது அதற்குத் தக்க பையில் இருக்கலாம். முழுதும் மூடியிருக்க வேண்டும். எந்த நேரமும் அவருடைய கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். பிறர் காரின் பெட்டியில் போட்டுவிட்டுப் போனவருக்குக் கட்டுப்பாடு ஏது? நிபந்தனையை மீறினால் முப்பதாம் பிரிவு இருக்கிறது. துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தகுதியுள்ளவர்தானா என்று பாராமல் இன்னொருவர் வசம் ஒப்படைத்தால் இருபத்தொன்பதாம் பிரிவு இருக்கிறது. இரண்டிலும் ஆறு மாதம் வரை சிறை விதிக்கலாம். உரிமமும் பறிபோகலாம்.

டிரைவரின் நிலை என்ன? இங்கேதான் நெஞ்சு பதறுகிறது. உரிமமின்றிக் கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்கு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது இரண்டு ஆண்டு, கூடினால் ஐந்து ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. தக்க காரணம் எழுதி நீதிபதி குறைக்கலாம் என்பது வேறு. கொடுத்தவருக்கு ஆறு மாதம் வரை. வாங்கி வைத்தவருக்கு இரண்டு ஆண்டுக்குக் குறையாமல்! பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதானே?

முப்பத்தைந்தாம் பிரிவு இன்னும் ஒரு படி போகிறது. வண்டி என்ற சொல்லையே அது பெயர் சொல்லி எடுத்துரைக்கிறது. பலருடைய கூட்டுக் கட்டுப்பாட்டில் உள்ள வீட்டிலோ வண்டியிலோ குற்றத்துக்குள்ளான ஆயுதம் அகப்பட்டால், அது அங்கே இருப்பது தெரிந்திருந்தவர் என்று நம்பக் காரணமுள்ள ஒவ்வொருவரும், மறுத்து மெய்ப்பிக்காத வரையில், தாமே செய்ததுபோல் பொறுப்பாளி. காரில் கூட வந்த மைத்துனரும் நண்பரும், துப்பாக்கி இருப்பது தெரிந்தே உட்கார்ந்திருந்தால், "எனக்கென்ன?" என்று கையை உதறிவிட முடியாது.

அப்படியானால் தெரியாதவன் கதி என்ன? இங்கே நீதிமன்றம் ஒரு விளக்கை ஏற்றி வைத்திருக்கிறது. 1972-இல் குன்வந்த்லால் என்பவரின் வழக்கில் உச்சநீதிமன்றம், வைத்திருத்தல் என்றால் என்ன என்று தெளிவாக்கியது. வைத்திருக்கிறோம் என்ற அறிவு வேண்டும். கையில் இல்லாவிட்டாலும் அதன்மீது அதிகாரமும் கட்டுப்பாடும் இருந்தால் அதுவும் வைத்திருத்தல்தான். தன் வீட்டில் தெரிந்தே துப்பாக்கியை வைத்துவிட்டு வெளியே போனவன், "நான் அப்போது வீட்டில் இல்லை" என்று தப்ப முடியாது. அவன் இல்லாத நேரத்தில் வேறொருவன் கொண்டுவந்து ஒளித்து வைத்தால், அது அவனுக்குத் தெரியும் என்று காட்டினாலொழிய, அவனைக் குற்றவாளி ஆக்கவும் முடியாது. 1994-இல் நடிகர் சஞ்சய் தத் வழக்கில் அரசியல் சாசன அமர்வும் அறிந்து வைத்திருத்தலே வைத்திருத்தல் என்றது. பைக்குள் எப்போதோ தங்கிப்போன ஒற்றைத் தோட்டாவோடு விமான நிலையத்தில் பிடிபட்டவர்கள் மீதிருந்த வழக்குகளை டெல்லி உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்ததும் இதே அடிப்படையில்தான்.

ஆகவே, வீட்டில் உறங்கிய கார் சொந்தக்காரர், தம் காரில் துப்பாக்கி ஏறியது தெரியாதவரானால், குற்றவாளி அல்லர். டிரைவருக்குத் தெரியாமல் பெட்டியில் வைத்திருந்தால் அவரும் அல்லர்.

இந்தச் சிக்கல் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. துப்பாக்கியைப் பிறப்புரிமை என்று கொண்டாடும் அமெரிக்காவிலும் உண்டு. 1973-இல் நியூயார்க் நெடுஞ்சாலையில் வேகமாக வந்த ஒரு காரைப் போலீசார் நிறுத்தினார்கள். உள்ளே மூன்று ஆடவர், பதினாறு வயதுப் பெண் ஒருத்தி. கார் ஓட்டியவருடையது அன்று. அண்ணன் தம்பியிடம் அன்றைக்கு இரவல் வாங்கியது. அந்தப் பெண்ணின் திறந்த கைப்பையில் இரண்டு கைத்துப்பாக்கிகள் தெரிந்தன. காரில் துப்பாக்கி இருந்தால் காரில் உள்ள அனைவரும் வைத்திருந்ததாகக் கருதலாம் என்பது அந்த மாநிலச் சட்டம். நால்வரும் தண்டிக்கப்பட்டனர். 1979-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், ஐந்து நீதிபதிகள் ஒருபக்கம், நால்வர் மறுபக்கமாகப் பிரிந்து நின்று, அந்தத் தண்டனை செல்லும் என்றது. பூட்டிய டிக்கியில் இருந்த இயந்திரத் துப்பாக்கிக்காக மட்டும் நால்வரும் முன்பே விடுதலை ஆகியிருந்தார்கள். கண்ணுக்குத் தெரிந்தது வேறு, பூட்டுக்குள் இருந்தது வேறு! நமது முப்பத்தைந்தாம் பிரிவு, தெரிந்திருந்தவர் என்று நம்பக் காரணம் வேண்டும் என்கிறது. அந்த மட்டில் நமது சட்டம் நியூயார்க் சட்டத்தைவிட நிதானமானது.

நிதானம் ஏட்டில் இருந்தால் போதுமா? ஆயுதச் சட்டக் குற்றங்கள் எல்லாம் போலீசார் வாரண்டின்றிக் கைது செய்யத்தக்கவை. வழக்குத் தொடர மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும் என்று முப்பத்தொன்பதாம் பிரிவு காவல் போட்டிருக்கிறது. ஆனால் அந்த அனுமதி உண்டா இல்லையா என்று கோப்பு நகரும் காலத்தில் டிரைவர் எங்கே இருப்பார்? கார் எங்கே நிற்கும்? தண்டனை ஆனால், ஆயுதத்தைச் சுமந்த வண்டியையும் பறிமுதல் செய்ய முப்பத்திரண்டாம் பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. கடன் வாங்கி வாங்கிய கார். மாதத் தவணை பாக்கி. அதை நம்பி ஒரு குடும்பம். பெரிய மனிதருக்கு வக்கீல் இருக்கிறார், செல்வாக்கு இருக்கிறது. "எனக்குத் தெரியாது" என்று டிரைவர் சொல்லும் சொல் அம்பலம் ஏறுவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடுமே! நீதி கடைசியில் கிடைக்கும் என்பது உண்மையாகவே இருக்கட்டும். அதுவரை அடுப்பு எரிய வேண்டாமா?

வண்டியில் வேலை செய்கிறவனுக்கு இன்னொரு கடமையையும் சட்டம் சுமத்தியிருக்கிறது. ஏற்றிச் செல்லும் பெட்டியிலோ மூட்டையிலோ குற்றத்துக்குரிய ஆயுதம் இருப்பதாக ஐயம் வந்தால் போலீஸ் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும் என்கிறது முப்பத்தாறாம் பிரிவு. இதை எத்தனை டிரைவர்களுக்கு எவர் சொல்லிக் கொடுத்தார்?

எனவே, துப்பாக்கி வைத்திருக்கும் அன்பர்களுக்கு நாம் சொல்வது இது. கூட்டத்துக்குப் போகும் நாளில் துப்பாக்கியை வீட்டிலேயே பூட்டி வையுங்கள். காரில் ஏறினால் அது உங்கள் உடலோடு இருக்கட்டும்; உரிமமும் உடன் இருக்கட்டும். போலீசார் கேட்டால் காட்ட வேண்டும் என்பது பத்தொன்பதாம் பிரிவு. இறங்கினால் அதுவும் உங்களோடு இறங்கட்டும். காணாமல் போனால் அக்கணமே போலீஸ் நிலையத்துக்குச் சொல்லுங்கள். இரவல் காரானாலும் வாடகைக் காரானாலும் அதன் பெட்டி உங்கள் வீட்டு அலமாரி அன்று.

டிரைவர் தோழர்களுக்குச் சொல்வது இன்னும் சுருக்கம். யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். "ஐயா, உங்கள் பொருளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல அஞ்சாதீர்கள். அந்த ஒரு சொல் மரியாதைக் குறைவு ஆகாது. உங்கள் பிள்ளைகளின் சோற்றுக்குப் போடும் வேலி அது.

அரசினருக்குச் சொல்வதும் ஒன்று உண்டு. உரிமம் வழங்கும்போதே அதன் நிபந்தனைகளை நல்ல தமிழில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். ஒவ்வொரு வாடகைக் கார் நிறுத்தத்திலும் ஒரு பலகை எழுதி மாட்டுங்கள். செலவு சில நூறு ரூபாய். அதைப் படித்து ஒரே ஒரு டிரைவர் சிறைக்குப் போகாமல் வீடு திரும்பினாலும், அந்தச் செலவு வீணாகாது.