வாடகை வீடும் சொந்த ஊரும்

பிழைக்க வந்த இடம் ஒன்று. சொந்த ஊர் வேறு. மும்பைத் தமிழருக்கு இதை யாரும் விளக்கத் தேவை இல்லை. தாராவியில் இருபது வருடம் குடியிருந்தாலும், "எந்த ஊர்?" என்று கேட்டால், "திருநெல்வேலி" என்றுதான் பதில் வரும். அதற்காக இங்கே யாரும் வாடகை கொடுக்காமல் இருப்பது இல்லை. குழாயடியில் தன் முறையை விட்டுக் கொடுப்பதும் இல்லை!

கிறிஸ்தவ வேதமும் விசுவாசிகளை இப்படித்தான் வர்ணிக்கிறது. எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் 11-ம் அதிகாரத்தில், அவர்கள் பூமியில் அந்நியர்கள். பரம தேசத்தை நாடிப் போகிறவர்கள்.

சொல்வது சுலபம். சீட்டுப் பணம், பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு, ஊரில் தாயாரின் மருந்து என்று மனம் அலையும்போது பரலோகம் நினைவுக்கு வருமா? ஞாயிறு ஆராதனையில் உட்கார்ந்து வட்டிக் கணக்குப் போடாதவர் எத்தனை பேர்?

இந்தச் சோதனையை 12 ஆண்டுகள் சிறைக்குள் அனுபவித்தவர், ஜான் பனியன்.

சிறையில் கைத்தொழில்

1628-ல் இங்கிலாந்தில் பெட்போர்டு நகருக்கு அருகே பிறந்தவர். ஓட்டைப் பாத்திரம் அடைப்பது தொழில். அனுமதி இன்றிப் பிரசங்கம் செய்தார் என்று 1660-ல் பிடித்து அடைத்தார்கள். "இனிமேல் பிரசங்கிக்க மாட்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்குப் போகலாம். அவர் சொல்லவில்லை.

வீட்டில் மனைவி எலிசபெத். மூத்த தாரத்துப் பிள்ளைகள் நால்வர். மூத்த பெண் மேரிக்குக் கண் பார்வை கிடையாது. அந்தப் பெண்ணை நினைத்துத் தான் பட்ட வேதனையை அவரே பிறகு எழுதி இருக்கிறார். "பரலோகம் இருக்கிறது, பிள்ளைகள் எப்படியோ போகட்டும்" என்று இருந்துவிடவில்லை. சிறையில் உட்கார்ந்து நாடாக்கள் செய்தார். அந்தக் காசு வீட்டுக்குப் போனது.

1661-ல் எலிசபெத் நீதிபதிகளிடம் மன்றாடினார். பிறர் தரும் தர்மத்தில்தான் வயிறு கழுவுகிறோம் என்று முறையிட்டார். "உன் புருஷன் பிரசங்கத்தை விடுவாரா?" என்று கேட்டார்கள். பேச்சு இருக்கும்வரை விடமாட்டார் என்ற பொருளில் பதில் சொன்னார். பசியைச் சொன்ன அதே வாய்தான் இதையும் சொன்னது!

குடும்பத்தோடு யாத்திரை

பனியனின் 'மோட்சப் பிரயாணம்' 1678-ல் வெளிவந்தது. அதில் கதாநாயகன் காதைப் பொத்திக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளை விட்டு ஓடுகிறான். படிப்பவருக்கு உறுத்தும். 1684-ல் வந்த இரண்டாம் பாகம் அந்த உறுத்தலைப் போக்குகிறது. மனைவியும் நான்கு பையன்களும் அதே பாதையில் கிளம்புகிறார்கள். கண்ட பழத்தைத் தின்று ஒரு பையனுக்கு வயிற்று வலி, வைத்தியர் வருகிறார். கல்யாணங்கள் நடக்கின்றன. ஊன்றுகோல் ஊன்றியவரும் கூடவே நடக்கிறார். குடித்தனமே நகர்ந்து போகிறது.

அந்தப் பாகத்தில்தான் குப்பை வாருகிறவன் வருகிறான். துரும்பையும் தூசியையும் குனிந்தபடி வாரிக்கொண்டே இருக்கிறான். தலைக்கு மேல் ஒருவர் கிரீடத்தை நீட்டி நிற்கிறார். அவன் நிமிரவே இல்லை. உழைத்தது அவன் குற்றம் அல்ல. கழுத்து நிமிராமல் போனதுதான் குற்றம்.

திருநெல்வேலிக் காவியம்

இந்த யாத்திரையைத் தமிழ்க் காவியம் ஆக்கியவர் நெல்லைச் சீமைக்காரர். கரையிருப்பில் 1827-ல் வைணவக் குடும்பத்தில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. 1858-ல் ஞானஸ்நானம் பெற்றார். பனியனின் கதையைத் தழுவி அவர் பாடிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-ல் வெளிவந்தது. 'கிறிஸ்தவக் கம்பர்' என்ற பெயரும் கிடைத்தது.

பனியன் 1672-ல் விடுதலை ஆனார். அதன் பிறகும் ஊர் வம்புக்கும் குடும்ப வழக்குக்கும் ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள். 1688-ல் ஒரு தகப்பனுக்கும் மகனுக்கும் மனத்தாங்கல். சமாதானம் செய்யக் குதிரையில் போனார். அது முடிந்து லண்டன் போகும் வழியில் நல்ல மழை. நனைந்தார், காய்ச்சல் கண்டது. ஆகஸ்டு 31-ந் தேதி உயிர் பிரிந்தது.