வகுப்பறை வாசலில் ஒரு வடிகட்டி

ஆறாம் வகுப்பில் செல்லின் அமைப்பை விளக்கிக்கொண்டிருந்தேன். இணையத்தில் கிடைத்த நல்ல படம் ஒன்று திரையில் இருந்தது. உட்கருவைச் சுட்டிக்காட்டிய நேரத்தில், படத்தின் ஓரத்தில் பணம் வைத்து ஆடும் சீட்டாட்ட விளம்பரம் மின்னத் தொடங்கியது. வாசிக்கச் சொன்னால் எப்போதும் தயங்கும் மாணவன் ஒருவன் அதை உரக்கப் படித்துவிட்டு, "சார், இதுவும் பாடத்துல வருமா?" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டுப் பக்கத்தை மூடினேன். ஆனால் நான் அழைக்காத ஒருவர் என் வகுப்பறைக்குள் எப்படி வந்தார் என்ற கேள்வி மாலை வரை விடவில்லை.

ஒரு பக்கம், பல கதவுகள்

நாம் ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கும்போது, அந்தத் தளத்தோடு மட்டும் பேசுகிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில், பாடமும் படமும் அந்தத் தளத்திலிருந்து வருகின்றன. விளம்பரம் வேறொரு நிறுவனத்தின் கணினியிலிருந்து வருகிறது. பார்வையாளர்களை எண்ணும் நிரல் மூன்றாவது இடத்திலிருந்து வருகிறது. இவற்றையெல்லாம் கேட்டு வாங்குவது நம் உலாவிதான். கேட்கும்போதே நம் இணைய முகவரி, உலாவியின் வகை, எந்தத் தளத்திலிருந்து கேட்கிறோம் என்பன போன்ற விவரங்களையும் அது கொடுத்துவிடுகிறது. ஒரே விளம்பர நிறுவனம் நூறு தளங்களில் இருந்தால், அந்த நூறிலும் நம்மை அடையாளம் காண அதற்கு வாய்ப்பு உண்டு. 'குக்கி' எனப்படும் சிறு குறிப்பு அதற்கு உதவுகிறது.

பதினெட்டு வயது நிரம்பாதவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் இந்தியாவின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 தன் 9ஆம் பிரிவில் தடுக்கிறது. ஆனால் திரைக்கு முன் உட்கார்ந்திருப்பது குழந்தையா பெரியவரா என்பது விளம்பரக் கணினிக்குத் தெரியாமல் போகலாம். நமக்குத் தெரியும். ஆகவே நம் பக்கத்திலும் ஒரு கதவு வேண்டும்.

வடிகட்டும் பிராக்ஸி என்பது என்ன?

பள்ளி வாயிலில் காவலர் நிற்கிறார். உள்ளிருந்து யாரும் நேரே வெளியே போவதில்லை. அவரிடம் சொல்ல வேண்டும். அவர் கையிலுள்ள பட்டியலைப் பார்த்து அனுப்புவார் அல்லது மறுப்பார். பிராக்ஸியும் அப்படித்தான். உலாவி கேட்பதையெல்லாம் முதலில் அதனிடம் கேட்கும். விளம்பரத் தளம் என்று பட்டியலில் இருந்தால், அந்தக் கோரிக்கை வெளியே போகவே போகாது. கோரிக்கை போகாததால் விளம்பரமும் வராது. நம் விவரமும் அங்கே சேராது. இணைய அளவும் மிச்சமாகும்.

"உலாவியில் ஒரு நீட்சி போட்டால் போதாதா?" என்று கேட்கலாம். ஒரு கணினிக்கு அதுவே எளிது, அதையே செய்யுங்கள். எங்களிடம் இருந்தவை முன்னாள் மாணவர்கள் வாங்கிக்கொடுத்த ஆறு கணினிகள். ஆறையும் ஒரே இடத்திலிருந்து பார்த்துக்கொள்ள நினைத்ததால் 'பிரைவாக்ஸி' என்ற கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்தெடுத்தேன். தலைமையாசிரியரின் அனுமதி பெற்ற பிறகே தொடங்கினேன். துறை வழங்கிய உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகளில் கை வைக்கவில்லை. அவற்றின் அமைப்பை நாமாக மாற்றக் கூடாது.

நான் செய்தவை

1. ஆசிரியர் கணினிக்கு உள்வலையில் மாறாத முகவரி கொடுத்தேன்: 192.168.1.10. பிரைவாக்ஸியை அதில் நிறுவினேன்.

2. நிறுவியவுடன் அது 127.0.0.1 என்ற முகவரியில், 8118ஆம் துறையில் காத்திருக்கும். அதாவது, தான் இருக்கும் கணினிக்கு மட்டுமே வேலை செய்யும். மற்ற ஐந்துக்கும் பயன்பட, அமைப்புக் கோப்பில் 'லிசன்-அட்ரஸ்' என்ற வரியில் 192.168.1.10:8118 என்று மாற்றினேன்.

3. அதே கோப்பில் 'பர்மிட்-ஆக்சஸ்' என்ற வரியில் 192.168.1.0/24 என்று எழுதினேன். நம் அறையின் கணினிகள் தவிர வேறு எதுவும் இதைப் பயன்படுத்தக் கூடாது என்பது இதன் பொருள். இந்த வரியை மறந்துவிடாதீர்கள்.

4. ஒவ்வொரு கணினியிலும் உலாவியின் நெட்வொர்க் அமைப்புக்குப் போய், கைமுறை பிராக்ஸியைத் தேர்ந்தெடுத்து, மேலே சொன்ன முகவரியையும் 8118ஐயும் கொடுத்தேன். பூட்டுக்குறி உள்ள தளங்களுக்கும் இதே பிராக்ஸி என்பதைத் தேர்வு செய்ய வேண்டும். எமிஸ் தளத்தை 'பிராக்ஸி வேண்டாதவை' பட்டியலில் சேர்த்தேன்.

5. உலாவியின் முகவரிப் பட்டையில் ஆங்கிலத்தில் பி, புள்ளி, பி என்று மூன்றே குறிகளை, முன்னால் எச்டிடிபி சேர்த்து, தட்டினேன். பிரைவாக்ஸியின் பக்கம் திறந்தது. இணைப்பு சரி என்பதற்கு அதுவே சான்று.

நாம் சேர்க்கும் விதிகளை 'யூசர்.ஆக்‌ஷன்' என்ற கோப்பில் எழுத வேண்டும். இது கடைசியாகப் படிக்கப்படுவதால், இதில் உள்ளதே இறுதி. 'பிளாக்' என்ற சொல்லுக்கு முன் கூட்டல் குறி இட்டால் தடை; கழித்தல் குறி இட்டால் விலக்கு. அதன் கீழே தளங்களின் பெயர்கள், வரிக்கு ஒன்று. பெயருக்கு முன் ஒரு புள்ளி வைத்தால் அதன் கிளைத் தளங்களும் அடங்கும். ஒரு பக்கம் எந்தெந்தத் தளங்களை அழைக்கிறது என்று அறிய, உலாவியில் எஃப்12 விசையை அழுத்தி 'நெட்வொர்க்' பகுதியைப் பாருங்கள்.

செய்த தவறு

ஆர்வக்கோளாறில், பெயரில் எங்கேனும் ஏ, டி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் சேர்ந்து வரும் தளங்களையெல்லாம் தடுத்தேன். மறுநாள் கணிதப் பயிற்சித் தளம் ஒன்று திறக்கவில்லை. காரணம் எளிது: 'அகாடமி' என்ற ஆங்கிலச் சொல்லுக்குள்ளும் அந்த இரண்டு எழுத்துகள் இருக்கின்றன! அகலமான விதி நல்லதையும் சேர்த்து அடைக்கும். முழுப் பெயரை எழுதித் தடுப்பதே முறை. ஒரு தளம் ஏன் தடைபட்டது என்று தெரியாவிட்டால், அதன் முகவரியைப் பிரைவாக்ஸி பக்கத்தில் கொடுத்தால் எந்த விதி காரணம் என்று அதுவே காட்டும்.

இதனால் ஆகாதவை

பூட்டுக்குறி உள்ள தளங்களில் போக்குவரத்து மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். பிராக்ஸிக்குத் தளத்தின் பெயர் தெரியும். உள்ளே எந்தப் பக்கம், என்ன செய்தி என்பது தெரியாது. எனவே காணொலியும் விளம்பரமும் ஒரே தளத்திலிருந்து வந்தால் பிரிக்க முடியாது. மறையாக்கத்தைத் திறந்து பார்க்கும் வசதியும் பிரைவாக்ஸியில் உண்டு. அதற்கு ஒவ்வொரு கணினியிலும் நம் சான்றிதழை நிறுவ வேண்டும். அப்படிச் செய்தால் கடவுச்சொற்கள்கூட நடுவில் நிற்கும் கணினியில் திறந்த நிலையில் வந்து போகும். பள்ளிக்கு அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இந்தப் பிராக்ஸி நம் இணைய முகவரியை மறைக்காது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

காவலர் எழுதிய குறிப்பேடு

ஒருமுறை ஒரு கணினியில் மட்டும் இணைப்பு அறுந்துகொண்டே இருந்தது. காரணம் தேட, பதிவுக் கோப்பை இயக்கினேன். வழக்கமாக பிரைவாக்ஸி பெரும் பிழைகளை மட்டுமே பதியும். நான் 'டீபக் 512' என்ற வரியைச் சேர்த்ததும் எந்தக் கணினி, எந்த நேரம், எந்தத் தளம் என்று எல்லாம் வரிசையாக எழுதத் தொடங்கியது. பழுதைத் தேடிப் படித்துக்கொண்டே வந்தபோது, மாதவிடாய் பற்றிய உடல்நலத் தளம் ஒன்றின் பெயர் கண்ணில் பட்டது. நான்காம் கணினி, மதிய இடைவேளை. அங்கே உட்கார்ந்திருந்த மாணவி யார் என்று எனக்குத் தெரியும்.

அவள் எந்தத் தவறும் செய்யவில்லை. வீட்டில் கேட்கக் கூச்சப்பட்டதை நம்பகமான இடத்தில் தேடியிருக்கிறாள். அவளுடைய நாட்குறிப்பைப் பிரித்துப் படித்தவனைப் போல எனக்குத்தான் கூசியது. விளம்பர நிறுவனம் பிள்ளைகளைப் பின்தொடரக் கூடாது என்று வேலி போட்ட நானே, அவர்களைப் பின்தொடரும் கருவியைச் செய்து வைத்திருந்தேன். அந்தக் கோப்பை அழித்தேன், வரியையும் நீக்கினேன்.

தலைமையாசிரியரிடம் சொன்னபோது, "யாரு என்ன பாக்கறாங்கன்னு தினமும் லிஸ்ட் எடுத்தா நமக்குப் பாதுகாப்புதானே சார்?" என்றார். அவர் கவலையும் நியாயமானதே. "பட்டியல் இருக்குன்னு தெரிஞ்சா, கேக்க வேண்டியதையும் பிள்ளைங்க கேக்க மாட்டாங்க மேடம்" என்றேன். சற்று நேரம் யோசித்தார். பிறகு மேசைகளைத் திருப்பிப் போட்டோம். இப்போது அறைக்குள் இருக்கும் ஆசிரியருக்கு ஆறு திரைகளும் தெரியும். பார்க்கப்படுகிறோம் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். சுவரில் ஒரு தாள் ஒட்டினோம்: "இங்கே சில தளங்கள் தடுக்கப்பட்டுள்ளன. யார் எதைப் பார்த்தார்கள் என்பது பதிவு செய்யப்படுவதில்லை. தேவையான தளம் திறக்காவிட்டால் சொல்லுங்கள்."

அந்தத் தாளைப் பார்த்து முதலில் வந்தவன், சீட்டாட்ட விளம்பரத்தை உரக்கப் படித்த அதே மாணவன். "சார், சதுரங்கத் தளம் திறக்க மாட்டேங்குது." விதியைப் பார்த்தேன், தவறு என்னுடையது. விலக்குப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தேன்.