டீசலும் மிச்சம், உயிரும் பத்திரம்

உங்கள் வீட்டில் லோரி ஓட்டுபவர் இருக்கிறாரா? இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். 2024 ஜூன் 10-இல் தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாக ஏறியது.

கேமரன் மலையிலிருந்து பாரம் ஏற்றித் தாப்பாவுக்கு இறங்கும்போது, டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுவார் சிலர். தப்புக் கணக்கு! கியரில் வைத்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இக்கால எஞ்சின்களுக்கு டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலிலோ எஞ்சின் தொடர்ந்து டீசல் குடிக்கும். பாரம் முழுவதையும் பிரேக்கே தாங்க வேண்டும். அது சூடேறினால் பிடிக்காது.

சரக்கு ஏற்றும்போது எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். சும்மா நிற்கும் பெரிய லோரி மணிக்குச் சுமார் 3 லிட்டர் குடிக்கும். டயரில் காற்றும் குறையக்கூடாது.

மிச்சமாகும் காசு பெரிதுதான். அவர் பத்திரமாக வீடு வந்து சேர்வது அதைவிடப் பெரிதல்லவா?