இளநீரும் ஆபத்தாகலாம்
சிறுநீரகம் தளர்ந்தால், சத்து என்று நம்பிக் கொடுப்பதே இதயத்தை நிறுத்தக்கூடும்

மும்பை மாஹிம் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே தாராவி. மேற்கே கடலை நோக்கிப் போகும் தெருக்கள். கோடை வந்தால் இரண்டு பக்கமும் இளநீருக்குக் கிராக்கி. ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போகும் தமிழர்களில் பலர் கையில் ஓர் இளநீராவது இருக்கும். உடம்புக்குக் குளிர்ச்சி, யாருக்கும் கெடுதல் செய்யாது என்பது நம்பிக்கை. சிறுநீரகம் பழுதானவர்கள் விஷயத்தில் இந்த நம்பிக்கை உயிருக்கே உலை வைக்கலாம்.

காரணம், இளநீரில் தாராளமாக உள்ள பொட்டாசியம். உடலிலுள்ள பொட்டாசியத்தில் சுமார் 98 சதவீதம் செல்களுக்கு உள்ளே இருக்கிறது. சோடியம் பெரும்பாலும் வெளியே. செல்லின் சவ்விலுள்ள நுண்ணிய 'பம்ப்' ஒன்று 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. 1957-ல் இதைக் கண்டறிந்த டென்மார்க் விஞ்ஞானி ஜென்ஸ் ஸ்கௌ, 1997-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நரம்பில் செய்தி ஓடுவதும் இதயம் துடிப்பதும் இந்த ஏற்பாட்டை நம்பித்தான்.

ரத்தத்தில் லிட்டருக்கு சோடியம் 135 முதல் 145 மில்லிமோல்வரை இருக்கும். பொட்டாசியமோ வெறும் 3.5 முதல் 5 வரை. மிஞ்சுவதை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. அதற்கு உத்தரவிடுவது அட்ரினல் சுரப்பியில் ஊறும் ஆல்டோஸ்டிரோன். சிறுநீரகம் தளர்ந்தால் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கும். பல சமயம் அறிகுறியே தெரியாது. அளவு 6.5-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுபோகவும் கூடும்.

குறைந்தாலும் தொல்லைதான். வாந்தி, பேதி, சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள் ஆகியவற்றால் பொட்டாசியம் இறங்கினால் தசைகள் சோர்ந்து, இதயத் துடிப்பும் தடுமாறும். சோடியம் வெகுவாகக் குறைந்தால் முதியவர்களுக்கு மனக்குழப்பமும் வலிப்பும் வரலாம்.

இப்போது கடைகளில் 'சோடியம் குறைந்த உப்பு' கிடைக்கிறது. சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாக அதில் இருப்பது பொட்டாசியம். ரத்த அழுத்தத்தைக் குறைக்க உதவும் இத்தகைய உப்பை 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இந்தப் பரிந்துரை பொருந்தாது. எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகளும் பொட்டாசியத்தைத் தேக்குபவை. அவற்றைச் சாப்பிடுகிறவர்கள் உப்பை மாற்றுமுன் டாக்டரைக் கேட்பது அவசியம்.

சிறுநீரக நோயாளிக்குக் காய்கறியைச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் கணிசமாகக் குறையும். இளநீருக்கு அந்த வழியும் இல்லை. ஆகவே, அடுத்த முறை நோயாளிக்கு இளநீர் சீவச் சொல்லுமுன் வீட்டாரிடம் ஒரு கேள்வி: அவருடைய சிறுநீரகம் எப்படி?