ஒரே சாறு, பல கோப்பைகள்

கோப்பி விளையாத மன்னார்க் கரை, இலங்கையின் கோப்பிக் காலத்தோடு நெருங்கிய தொடர்புடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து படகேறிய தொழிலாளர் பலர் இக்கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்துதான் மலைத்தோட்டங்களை அடைந்தனர். 1869இல் தோன்றிய இலைத்துரு நோயால் அத்தோட்டங்கள் அழிந்து தேயிலை வேரூன்றிய பின்னரும், வெறுங்கோப்பியும் பால்கோப்பியும் வடபகுதி வீடுகளில் நிலைத்திருக்கின்றன. இவ்விரண்டின் வேறுபாட்டை அறிந்தவருக்கு, நகரத்துக் கோப்பிக் கடைகளின் நீண்ட பட்டியலும் எளிதில் விளங்கும்.

அப்பட்டியலின் அடிப்படை எஸ்பிரெசோ ஆகும். வீட்டில் தூள் கொதிநீரில் ஊறிச் சாறு இறங்கச் சில நிமிடங்கள் செல்லும். எஸ்பிரெசோவிலோ, நுண்ணியதாக அரைத்து இறுக்கிய தூளினூடாக, 90 முதல் 96 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீர், வளிமண்டல அழுத்தத்தின் ஏறக்குறைய 9 மடங்கு அழுத்தத்தில் செலுத்தப்படுவதால், 25 முதல் 30 விநாடிகளில் சுமார் 30 மில்லிலீற்றர் அடர்ந்த சாறு கிடைக்கிறது. வறுத்த கொட்டையில் தங்கியிருந்த காபனீரொட்சைட்டு அவ்வழுத்தத்தில் சாற்றோடு கலந்து வெளியேறி, அதன்மேல் கிரேமா எனப்படும் பொன்னிற நுரையாகப் படிகிறது; இத்தாலியரான அக்கில்லே காஜியா 1940களில் பரவச்செய்த நெம்புகோல் இயந்திரமே இந்நுரையை எஸ்பிரெசோவின் அடையாளமாக்கியது.

இச்சாற்றில் வெந்நீர் சேர்ந்தால் அது அமெரிக்கானோ. சிறிதளவு பால்நுரை மட்டும் சேர்ந்தால் மக்கியாட்டோ. மற்றவற்றில் பால் கூடுகிறது. நீராவி செலுத்திப் பாலைச் சூடாக்கும்போது, பாலிலுள்ள புரதங்கள் காற்றுக்குமிழ்களைச் சூழ்ந்து நுரையைத் தாங்கி நிற்கின்றன. அந்நுரை தடித்திருந்தால் கப்புச்சினோ. பால் மிகுந்து நுரை மெல்லிய படலமாக அமைந்தால் லாத்தே. லாத்தேயினும் குறைந்த பாலும் மென்னுரையும் கொண்டு, சாற்றின் சுவை முன்னிற்குமாறு அமைவது, அவுஸ்திரேலியரும் நியூசிலாந்தரும் தத்தமதென உரிமை கோரும் பிளாட் வைட்.

ஆகவே, இப்பெயர்கள் குறிப்பது பால், நுரை, நீர் ஆகியவற்றின் விகிதத்தையே அன்றி, கோப்பியின் வீரியத்தை அல்ல. ஒரே அளவு சாறு ஊற்றிய கப்புச்சினோவிலும் பெரிய லாத்தேயிலும் கஃபீன் ஒரே அளவுதான். பால் கூடுவதால் கசப்புத் தணிந்து, கொழுப்பும் சக்தியும் மிகுகின்றன. பால்மா கரைத்த பால்கோப்பிக்குப் பழகிய நாவுக்கு லாத்தே இதமாக இருக்கும். மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து இடித்த தூளில் வெறுங்கோப்பி அருந்துவோர், பால் குறைந்த மக்கியாட்டோவிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.